தினமும் ஒரே ஆள்

விளையாடுவது லேசான வேலை என்று நினைக்கிறவர்களை ஒரே ஒரு நாள் எங்கள் ஊர்ப் பாவடிப் பொட்டலில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். நான் இரண்டு வருடம் உட்கார்ந்தேன். அண்ணன் பெற்ற பிள்ளையோடு மண்ணை அள்ளினேன், கொட்டினேன், மறுபடி அள்ளினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என்னோடு படித்தவர்கள் சொந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாகக் கோயிலுக்குப் போவார்கள். பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எரியவில்லை என்று இந்த வயதில் வந்து பொய் சொல்ல மாட்டேன்.

ஊர் ஜலகண்டாபுரம். வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான் என்று நாலு பேர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். முன்கூடத்தில் இரண்டு குழித்தறி. தரையில் குழி வெட்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலிரண்டையும் உள்ளே தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிற தறி. ஒன்றில் அண்ணன், இன்னொன்றில் அண்ணி. காலையில் காப்பி குடித்துவிட்டு இறங்கினால் விளக்கு வைக்கும்வரை ஏற மாட்டார்கள். ஏறினால் நெசவு நிற்கும், நெசவு நின்றால் அடுப்பு நிற்கும். மிச்ச வேலையெல்லாம் என்னுடையது. சமையல், தண்ணீர், தறி நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றுவது, பாப்பா.

அண்ணன் மகளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காது கேட்கவில்லையோ என்று பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தோம், அசையவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற தறி நின்றால் சட்டென்று தலை நிமிர்த்துவாள். பேச்சு இல்லை. முகத்தைப் பார்ப்பது இல்லை. யாராவது தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு வீறிடுவாள். கோபம் வந்தால் மணிக்கட்டைக் கடிப்பாள், சுவரில் தலையை இடிப்பாள். எதற்குக் கோபம் என்று எங்களுக்கும் தெரியாது. நான்கு வயதில் ஒரு நாள் கதவு திறந்திருந்தபோது ஓடிவிட்டாள். தேடிப் போனால் பஸ் ஸ்டாண்டில், கிளம்பப் போகிற பஸ்ஸின் முன்சக்கரத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். அவள் வீறிட வீறிடத் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்று முதல் கதவுக்குத் தாழ்ப்பாள். உள்ளே அவளும் நானும்.

கோயில் பார்த்தாயிற்று, தாயத்துக் கட்டியாயிற்று, நாக்கில் வசம்பு தேய்த்தாயிற்று. கடைசியில் சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் ஒருவர் சீட்டு எழுதி, அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார். நாலு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

அந்தம்மா மார்பில் குழாய் வைக்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. பாப்பாவைப் பின்பக்கம் மாமரத்தடிக்கு அழைத்துப் போய் விட்டார். பாப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை அள்ளி விரல் இடுக்கு வழியாக ஒழுக விட்டாள். வீட்டிலும் அரிசியை, உப்பை, சாம்பலை அப்படித்தான் செய்வாள், நாங்கள் கையில் ஒன்று போட்டுப் பிடுங்குவோம். இந்தம்மா என்ன செய்தார் தெரியுமா? எதிரே உட்கார்ந்து தானும் மண்ணை அள்ளி ஒழுக விட்டார். நல்ல வாயில் துணிப் புடவை, மண்ணெல்லாம் மடியில். அரை மணி நேரம் ஒரு வார்த்தை கிடையாது. அண்ணன் என் காதில், "இந்தம்மாளுக்கே ஒரு டாக்டரு வேணுமாட்ட இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். இதற்கு ஆட்டிசம் என்று பெயர். பேயும் இல்லை, சாபமும் இல்லை, வளர்ப்புக் குற்றமும் இல்லை. மருந்து கிடையாது.

"அவள் உலகத்துக்குள்ள நீங்க போகணும். வெளியில கூட்டிட்டுப் போங்க. மண்ணு, மரம், காத்து, தண்ணி. அவ என்ன விளையாடறாளோ அதையே பக்கத்துல உட்கார்ந்து நீங்களும் விளையாடுங்க. சொல்லிக் குடுக்காதீங்க, இழுக்காதீங்க, கேள்வி கேக்காதீங்க. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். முக்கியமா, தினமும் ஒரே ஆள் போகணும். ஆள் மாறினா அவளுக்குக் குழப்பம். யாரு போகப்போறீங்க?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் சுவர்தான் இருந்தது.

"இவ போவாளுங்க" என்றார் அண்ணன்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். அதற்கு அப்போது எங்களைப் போன்றவர்களுக்குக் கல்யாணம் ஒன்றுதான் வாசல். தாரமங்கலத்திலிருந்து ஒரு இடம் பேச்சில் இருந்தது. நான்கு மாதம், ஐந்து மாதம், அதற்குள் பிள்ளை சரியாகிவிடும், நாமும் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். எவ்வளவு பெரிய புத்திசாலி!

பாவடி என்பது நெசவுக்காரர் ஊர்களில் பாவு நூலை நீட்டுவதற்காகவே விட்டிருக்கும் நீளப் பொட்டல். விடிகாலையில் நூலை அதன் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் இல்லை. இரண்டு பக்கமும் புங்கமரம், கோடியில் ஒரு பெரிய புளியமரம். வேறு எங்கே போவது? மற்ற எல்லா இடத்திலும் சாக்கடையோ சைக்கிளோ இருந்தது.

பாப்பா மண்ணை ஒழுக விட்டாள், நானும் ஒழுக விட்டேன். அவள் புங்கங்காயைச் சுழற்றினாள், நானும் சுழற்றினேன். அவள் மல்லாந்து படுத்து இலைகளுக்கு நடுவே வருகிற வெளிச்சத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் தாவணியை இறுக்கிச் செருகிக்கொண்டு படுத்தேன். கடவுளே, அந்த முதல் வாரம்! தலையில் எறும்பு. பாவு சுருட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் வயதானவர் கிட்டத்தில் வந்து, மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"ஏம்மிணி, தண்ணி கிண்ணி வேணுமா?"

"வேண்டாமுங்க. வெளயாடிட்டு இருக்கறேனுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. அந்த வீட்டில் சின்னதுக்குத்தான் அப்படி என்று நினைத்தோம், பெரியதுக்கும் பிடித்துக்கொண்டதாம், இரண்டும் பாவடியில் மண்ணைத் தின்கிறதாம். தாரமங்கலத்துக்காரர்கள் ஒரு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் வருத்தப்பட்டார். ஆனால் சட்டை போட்டுக்கொண்டு நேரில் போய், என் தங்கைக்கு ஒன்றும் இல்லை, டாக்டர் சொன்ன வைத்தியம் இது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பாட்டுக்கு அவள், நான் பாட்டுக்கு நான். சில நாள் ஆத்திரமாக வரும். "ஏண்டி, ஒரு தடவை பாரேண்டி என்னெ!" என்று கத்திவிட்டு, கேள்வி கேட்கக் கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொள்வேன். மார்கழியில் ஒரு காலை, மண் பனியில் ஈரமாக இருந்தது. அவள் ஒரு பிடி அள்ளினாள். ஒழுகவில்லை. அதைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் அந்த மண்ணை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைத்தான் பார்த்தாள்.

நான் அழுதுவிட்டேன். சத்தம் போட்டு அழுதால் ஓடிவிடுவாளே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதேன். அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போய் அண்ணியிடம் காட்டினேன். அண்ணி தறியை நிறுத்தாமலே, "அப்படியா, அப்படியா" என்று இரண்டு தடவை கேட்டாள். நூல் அறுந்ததுபோலக் குனிந்துகொண்டாள். எந்த நூலும் அறுந்திருக்கவில்லை.

அதிலிருந்துதான் என் கழுத்துக்குக் கயிறு விழுந்தது. பாப்பா என்னை ஒப்புக்கொண்டாள். என்னை மட்டும்தான். நான் ஊட்டினால் சாப்பிடுவாள், வேறு கை வந்தால் தட்டைத் தள்ளுவாள். என் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். நான் குளிக்கப் போனால் தட்டிக்கு வெளியே உட்கார்ந்து தலையை இடிப்பாள். நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு ஓடி வருவேன். ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது, பக்கத்து வீட்டில் போய் நின்று ஒரு கதை பேச முடியாது. இரண்டு வருடத்தில் சேலத்துக்கு அஸ்தம்பட்டி டாக்டரம்மாவைப் பார்க்கப் போனதைத் தவிர நான் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. அந்தம்மா ஒவ்வொரு தடவையும், "நல்ல முன்னேற்றம், நல்ல முன்னேற்றம்" என்று சந்தோஷப்படுவார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, இவள் முன்னேற முன்னேற நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பேன். பாப்பா என் மடியில் தலை வைத்துத் தூங்குவாள். அவள் மேல் கோபப்பட முடியாது. அதனால் ஜன்னல் கம்பிமேல் கோபப்படுவேன்.

இரண்டாவது வருடம் சித்திரையில் ராசிபுரத்திலிருந்து ஒரு அம்மாள் எங்கள் தெருவில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். மகனுக்குப் பெண் தேடுகிறார் என்று பிறகுதான் தெரியும். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், மண் தின்கிற கதையோடு சேர்த்துத்தான். அந்தம்மாள் நேராகப் பாவடிக்கே வந்துவிட்டார். நான் மண்ணில் உட்கார்ந்து புங்க இலைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அது பாப்பாவின் அந்த மாத விளையாட்டு. அந்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நிறைய நேரம் பார்த்துவிட்டு, "நானும் ஒண்ணு வெக்கட்டுமா சாமி?" என்று பாப்பாவிடம் கேட்டார். பதில் வராது என்றேன். "வராட்டிப் போவுது" என்று சொல்லி, வரிசை கலையாமல் ஓர் இலையை வைத்தார். பாப்பா அதை எடுத்து எறியவில்லை.

மாமியார் என்று ஒருத்தி வாய்த்தால் இவர்தான் வாய்க்க வேண்டும் என்று நான் அந்த இடத்திலேயே தீர்மானம் செய்துவிட்டேன். மகனையும் ஒரு தடவை பார்த்தேன். அம்மாவை ஊருக்கு அழைத்துப்போக வந்தவர், நாங்கள் பாவடிக்குப் போகிற வழியில் பஸ் ஏற நின்றுகொண்டிருந்தார். காது இரண்டும் கொஞ்சம் விடைத்துக்கொண்டு இருக்கும். என்னைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பிடித்துவிட்டது. ஆவணியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அண்ணன் யோசித்தார். சித்திரை முழுக்க யோசித்தார். வைகாசி பிறந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நானே வாய் விட்டுக் கேட்டேன்.

"ராசிபுரத்துக்கு என்னுங்கண்ணா சொன்னீங்க?"

"சொல்லலாம் அம்மிணி. நீ போயிட்டா பாப்பாவ ஆரு பாக்கறது?"

"பெத்தவங்க பாக்கட்டும்!"

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அண்ணி தறியில்தான் இருந்தாள், ஏதோ முடித்துவிட்டு வருகிறேன் என்று. அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. தறி ஒரு தட்டுக்கூடத் தப்பவில்லை.

அடுத்த தடவை அஸ்தம்பட்டிக்குப் போனபோது, அண்ணனை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள்தானே ஒரே ஆள் என்று சொன்னீர்கள், அந்த ஒரு ஆளாகவே இருந்து நான் செத்துப்போக வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை.

"அது ஆரம்பத்துக்குச் சொன்னதும்மா. ஆயுசுக்கா சொன்னேன்? அவங்க அம்மாவை உன்கூடவே கூட்டிட்டுப் போ. பக்கத்துல உட்காரட்டும். மெதுவா நீ விலகிக்கோ."

சொல்வது சுலபம். அண்ணி குழியை விட்டு ஏறினால்தானே? அதற்கும் ஒரு நேரம் வந்தது. அண்ணி தறியில் பாவு முடிந்தது, அடுத்த பாவுக்கு நூல் வரவில்லை. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று மூன்று வாரம் ஓடியது. தறி காலியாகக் கிடந்தது. "அண்ணி, இன்னிக்கு நீங்களும் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அண்ணிக்கு வெளிச்சம் கூசியது. பகலில் அவள் வெளியே வந்து எத்தனை காலமோ. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மண்ணை அள்ளச் சொன்னேன், அள்ளினாள். பாப்பா முதுகைத் திருப்பிக்கொண்டாள். இலை அடுக்கச் சொன்னேன், அடுக்கினாள். பாப்பா மொத்த வரிசையையும் காலால் கலைத்துவிட்டு என் தாவணியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணிக்கு முகம் செத்துவிட்டது.

அப்போது எனக்கு மூளை வேலை செய்தது. துணிதானே அடையாளம்? மறுநாள் என்னுடைய பச்சைத் தாவணியை அண்ணிக்குப் புடவை மேலேயே சுற்றிவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாய், தாவணி போட்டுக்கொண்டு பாவடிக்கு வந்தால் எப்படி இருக்கும்? பாவு சுருட்டுகிறவர்கள் நூலை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அடுத்தது அண்ணங்காரனுக்கு எப்பொ?" என்று ஒருத்தன் கேட்டான். அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தோம். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பாப்பா மட்டும் ஏமாறவில்லை. தாவணியை மோந்து பார்த்தாள், ஆளைத் தள்ளிவிட்டு என்னிடம் வந்தாள்.

இரண்டாவது வாரம். அண்ணி முயற்சியை விட்டுவிட்டாள். புளியமரத்து வேர் ஒன்று பெஞ்சு உயரத்துக்கு எழும்பி நிற்கும். அதில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் சும்மா இல்லை. இடது, வலது, இடது, வலது என்று மண்ணை மிதித்துக்கொண்டே இருந்தது. பதினைந்து வருடம் மிதித்த கால், மிதி இல்லாவிட்டாலும் மிதிக்கும். எங்கள் ஊரில் நெய்கிறவர்கள் நிறையப் பேருக்கு இது உண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட.

பாப்பா அதைப் பார்த்தாள். பகலெல்லாம் குழிக்குள் கிடக்கிற காலை அவள் எங்கே பார்த்திருப்பாள்? என்னை விட்டுவிட்டு எழுந்து போனாள். குனிந்து உட்கார்ந்தாள். சத்தம் இல்லாமல் நடக்கிற அந்த நெசவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் அண்ணியின் இரண்டு பாதத்துக்கு அடியிலும் நுழைத்துவிட்டாள்.

அண்ணி பதறிப்போய்க் காலைத் தூக்கினாள். அவள் பாதம் பாளம் பாளமாக வெடித்து, கட்டைவிரலடியில் காய்ப்புக் காய்த்துக் கல்லாக இருக்கும். பிள்ளைக்கு வலிக்கும் என்று பயம். பாப்பா அந்தக் காலைப் பிடித்துக் கீழே இழுத்துத் தன் கைமேல் வைத்து, பளாரென்று ஒரு அடி அடித்தாள். மிதி என்கிறாள்! அண்ணி என்னைப் பார்த்தாள். "மிதிங்க அண்ணி, மெதுவா மிதிங்க" என்றேன். இடது, வலது. பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கன்னத்தை அண்ணியின் முழங்காலில் சாய்த்தாள்.

"அம்மிணி, என்ற மேல சாஞ்சுட்டா பாரு. அம்மிணி, பாரு, பாரு" என்று அண்ணி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். குரல் உடைந்தால் பிள்ளை போய்விடுவாளோ என்று அவளுக்கும் பயம். கண்ணீர் தாடையில் வழிந்து சொட்டியது, அவள் துடைக்கவில்லை. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் ஒரு பக்கம். இரண்டு வருடம் நான் மண் தின்று சம்பாதித்ததை இவள் காலை ஆட்டி வாங்கிக்கொண்டாளே என்று பொறாமை ஒரு பக்கம். அதற்கும் மேலே ஒரே ஒரு நினைப்பு: கதவு திறந்துவிட்டது. ஆவணிக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அண்ணி மிதிக்கும்போது பாப்பா தொடையைக் கொடுப்பாள், முதுகைக் கொடுப்பாள். அந்த மாதிரி அழுத்தம் சில குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணி ஊட்ட, சாப்பிட்டாள். ஒரு ராத்திரி என் தாவணியை விட்டுவிட்டு அண்ணியின் கால்மாட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் சாவகாசமாகக் குளித்தேன். தலைக்குச் சீயக்காய் தேய்த்து, இரண்டு அண்டா தண்ணீர் ஊற்றிக் குளித்தேன். வெளியே யாரும் தலையை இடிக்கவில்லை.

நூல் வந்துவிட்டது. பாவு ஏற்றியாயிற்று. அன்று காலை அண்ணி குழிப்பக்கம் போனாள். பாப்பா வாசலில் நின்று அவளைப் பார்த்தாள். அண்ணி நின்றாள். அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, ஒரு நாலு நாளைக்கு நீ எறங்கிக்க. இப்பத்தான் புள்ள அவகிட்ட ஒட்டியிருக்குது, பிரிக்கக் கூடாது."

நியாயமாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியாத வேலையும் இல்லை, பதினாலு வயதிலிருந்து பழகியதுதான். நாலு நாள்தானே என்று இறங்கினேன். நாள் முழுக்க உட்கார்ந்து பட்டால்தான் தெரியும் குழி என்றால் என்ன என்று. இடுப்புக்குக் கீழே உனக்கு ஒன்றும் கிடையாது. வாசலில் யார் போகிறார்கள் என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் போயிருப்பார்கள். பாப்பாவுக்கும் எனக்கும் முன்பு தாழ்ப்பாள் போட்டார்கள், இதற்குத் தாழ்ப்பாளும் தேவையில்லை. நாலு நாள் எட்டு நாளாயிற்று. ஆனி முடிந்தது. அந்தப் பாவும் முடிந்து அடுத்த பாவு ஏறியது. காலையில் அண்ணியும் பாப்பாவும் கையைக் கோத்துக்கொண்டு பாவடிக்குப் போவார்கள். கையைக் கோத்துக்கொண்டு! அதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே நிறைவாக இருக்கும். பிறகு தறியின் நாடாக் கயிற்றை இழுப்பேன்.

ஆடிக் கடைசியில் ராசிபுரத்திலிருந்து ஆள் வந்தது. தறியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் குறிக்கலாமா என்று கேட்டார்கள். அண்ணன், "தையில பாக்கலாமுங்க, இப்பொ ஊட்டுல கை கொறையுது" என்றார். வந்தவர், அவர்கள் தை வரைக்கும் பொறுப்பார்களா தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அண்ணனிடம் பேசிப் பயனில்லை. அண்ணிதான். அண்ணி ஒரு வார்த்தை, அம்மிணி போகட்டும், நான் இறங்குகிறேன் என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார். மறுநாள் காலை தறியைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுப் பாவடிக்குப் போனேன். அண்ணி வேரில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா கீழே குப்புறப் படுத்திருந்தாள், அண்ணியின் கால்கள் அவள் முதுகில் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தன. ஒரு வாரமாக அவள் வாயில் ஏதோ சத்தம் வர ஆரம்பித்திருந்தது. சொல் இல்லை, ஒரு முனகல். மிதிக்கு ஒன்றாக முனகிக்கொண்டிருந்தாள்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணி, நான் ராசிபுரம் போனா நீங்க குழிக்கு எறங்கோணும். எறங்குவீங்களா?"

அண்ணியின் கால் நின்றது. பாப்பாவின் முனகலும் நின்றது. தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கண் நேராக, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் நான் ஏங்கிய பார்வை அது. அண்ணியும் அவளையே பார்த்தாள். பிறகு அந்தக் கால்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

என் முகத்தைப் பார்க்காமல் அண்ணி கேட்டாள்.

"மத்தியானத்துக்கு உனக்கு என்ன கொழம்பு வெக்கட்டும் அம்மிணி?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைத் தறியில் இறங்குகிறவர்களிடம்தான் கேட்பது வழக்கம். அத்தனை வருடமும் அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். என்னை ஒருத்தர் கேட்டது அன்றைக்குத்தான்.

கத்திரிக்காய் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குழியில் இறங்கினேன்.